மஞ்சள் கொழுப்பு

மாட்டு ஏஜென்ட் மாடுகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை மட்டும் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொரு தொடையையும் கண்ணால் எடை போட்டார். பிடித்திருந்தால் தலையாட்டினார். பிடிக்காவிட்டால் மூக்கை உறிஞ்சினார். கடைசி மாடு வரை போய்விட்டுத் திரும்பி வந்து செருப்பில் ஒட்டிய சாணத்தை வேலிக்கல்லில் தேய்த்தார்.

"மொத்தமா எடுத்துக்கறேன். சனிக்கிழமை லாரி வரும்."

"விலை?" என்று மாமனார் கேட்டார்.

"சந்தை விலைதான்."

"இது சாதா மாடு இல்லைங்க. ஊசி கிடையாது, மூட்டைத் தீவனம் கிடையாது. பொறந்ததுலேர்ந்து வெறும் புல்லு. சான்றிதழ் இருக்கு. கறிக்கடையில இதுக்கு ஒன்றரை மடங்கு விலை."

"அங்கே அப்படி அள்ளிட்டுப் போறாங்கன்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

மாமனார் வாயை மூடிக்கொண்டார். அது அபூர்வமான காட்சி. அவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். இறங்கிய பிறகும் சத்தத்தைக் குறைக்கவில்லை.

"என் கொட்டில்ல கட்டிச் சோளம் போட்டா எல்லா மாடும் ஒண்ணுதான்" என்றார் ஏஜென்ட். "என் தராசுக்குப் புல்லெல்லாம் தெரியாது, பெரியவரே. என்ன தம்பி, சரிதானே?"

தம்பி என்றது புல்லுக்காரனை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவனைப் புல்லுக்காரன் என்றுதான் சொன்னார்கள். கல்லூரியில் படித்துவிட்டு வந்து மாட்டுக்குப் புல்லைத் தவிர எதுவும் போட மாட்டேன் என்று நின்றவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தபோது கேலியாக இருந்தது. இப்போது கேலி தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

"சரி" என்றான் புல்லுக்காரன்.

பசு, கன்று, காளை எல்லாம் சேர்த்துத்தான் சரி என்றான். காளையை விற்றால் அடுத்த வருடம் இன்னொரு காளை வளரும். தாய்ப் பசுக்களையும் விற்றுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. இந்த மந்தையை உண்டாக்க அவனுக்கும் அவன் மனைவிக்கும் கல்யாண வாழ்க்கை முழுவதும் பிடித்தது. நீண்ட வாழ்க்கை இல்லைதான். இருந்தாலும் முழுவதும்.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. காலையில் தலை வலிக்கிறது என்றாள். மாலையில் இல்லை. அன்று ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பையோடு வந்த மாமனார் இன்னும் போகவில்லை. அந்தப் பையைக் காலி செய்யவும் இல்லை. தினமும் அதிலிருந்தே ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்து அதிலேயே திரும்ப வைத்தார்.

ஏஜென்ட்டைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்ததும் அவர்தான். மருமகனிடம் கேட்டார்: "வித்துடலாமா மாப்ளே?" அவன் சொன்னான்: "உங்க இஷ்டம் மாமா." இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவே.

விற்கக் காரணம் இருந்தது. நகரத்தில் அவனுடைய கறியை வாங்கி விற்றது ஒரே ஒரு கடை. கடைக்காரரைக் கத்தியண்ணன் என்பார்கள். மெலிந்த மனிதர், பெரிய கத்தி. இரண்டு வருடம் இரண்டு வாரத்துக்கு ஒரு காளை என்று கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை கடை திறந்தால் ஞாயிறு மாலைக்குள் எலும்பு கூட மிஞ்சாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் குறைந்தது. போன தடவை அனுப்பிய காளை ஒரு மாதம் கிடந்தது. பாதியை அரைத்து, சாதாக் கறி விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

"ஜனங்க கையில காசு இல்ல தம்பி. ஆர்கானிக் எல்லாம் ஆசைக்கு ஒரு தடவை வாங்கறது" என்றார் கத்தியண்ணன். "அடுத்த மாசத்துலேர்ந்து வேண்டாம். தப்பா எடுத்துக்காதே."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் எப்படியும் எடுத்துக்கொள்வது நின்று பல மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது போன் அடித்தது. கத்தியண்ணன்.

"தம்பி, ஒரு உதவி. நீ இந்த மாசம் அனுப்பின கடைசிக் காளை கொக்கியில தொங்குது. கொழுப்பு சீவல. கையில கட்டு போட்டிருக்கேன்."

"வெட்டிக்கிட்டீங்களா?"

"கத்தியில வெட்டியிருந்தா வெளியில சொல்லலாம். கார் கதவுல நசுக்கிட்டேன். நீ வந்து சீவிக் குடுத்தா கடையில வைக்கலாம். இல்லேன்னா மஞ்சமஞ்சேன்னு அப்படியே தொங்கும்."

லாரி வருகிற நாளில் வீட்டில் இல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. புல்லுக்காரன் ஏப்ரனைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். மாமனார் வாசலில் நின்றிருந்தார்.

"நான் பாத்துக்கறேன் மாப்ளே. நீ போ."

"பட்டி கேட் சாவி ஆணியில மாட்டியிருக்கு மாமா."

"தெரியும், போ."

பட்டிக்குள் மேனேஜர் அசை போட்டுக்கொண்டிருந்தது. மந்தையிலேயே மூத்த பசு. எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும், தான் ஒரு வேலையும் செய்யாது என்று அவன் மனைவி வைத்த பெயர். அவன் அதைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

குளிர் அறையில் காளை இரண்டு பாதியாகத் தொங்கியது. கத்தியண்ணன் சொன்னது போல மஞ்சமஞ்சேன்னுதான் இருந்தது. முதுகு நெடுக வெண்ணெய் பூசியது போல ஒரு விரல் தடிமன். புல் தின்கிற மாட்டின் கொழுப்பு அப்படித்தான் இருக்கும். புல்லில் இருக்கிற நிறம் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். கொட்டிலில் சோளம் தின்றது வெள்ளையாக இருக்கும். கடைகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு வெள்ளைதான் நல்லது. மஞ்சள் என்றால் கிழட்டு மாடு, அல்லது கெட்டுப்போனது.

அவன் மனைவி இருந்தவரை அது ஒரு பிரச்சினையே இல்லை. சனிக்கிழமைதோறும் இந்தக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். 'ஏன் இது மஞ்சளா இருக்கு?' என்று எவராவது கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். கேட்டவர் பதிலோடும் கறியோடும்தான் வெளியே போவார். சில பேர் கறி வாங்காத நாளிலும் வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

அவள் போன பிறகு அந்த இடத்தில் அவன் ஒரே ஒரு சனிக்கிழமை நின்றான். வந்த முதல் ஆள் கேட்டது அதே கேள்வி. அவனுக்குப் பதில் தெரியும். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. கேட்டவர் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். புல்லுக்காரன் ஏப்ரனைக் கழற்றினான். "இனிமே கொழுப்பை எல்லாம் சீவிடுங்க அண்ணே" என்றான். கத்தியண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. சரி தம்பி என்றார்.

அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் கத்தியைத் தீட்டி ஒரு பாதியை ஆரம்பித்தான். கொழுப்பு சுருள் சுருளாக வாளியில் விழுந்தது. சீவிய இடத்தில் கறி கருஞ்சிவப்பாக, வறண்டு நின்றது. கத்தியண்ணன் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குளிர் அறைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"லாரி எப்போ?"

"பத்து மணிக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"மேனேஜரையுமா?"

புல்லுக்காரன் சீவிக்கொண்டே இருந்தான். கத்தியண்ணன் தன் கையில் போட்டிருந்த கட்டை ஆராய்ந்தார்.

வெளியே ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தார். எதிர் வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒன்று.

"இன்னும் திறக்கலையா? அரைச்ச கறி அரைக் கிலோ வேணும். சாதாதான்" என்றவர் திறந்திருந்த குளிர் அறைக் கதவு வழியாகப் பார்த்தார். மூக்கில் இருந்ததை நெற்றிக்கு ஏற்றி, நெற்றியில் இருந்ததை மூக்குக்கு இறக்கினார்.

"அட. மறுபடி வந்துடுச்சா?"

"எதும்மா?" என்றார் கத்தியண்ணன்.

"மஞ்சக் கறி. எப்போ வந்துச்சு? சொல்லியிருக்கக் கூடாதா?"

"அது எப்பவும் வர்றதுதானே. இங்கேதானே இருக்கு."

"எங்கே இருக்கு? ஒரு வருஷமா நீங்க வைக்கிறது என்னவோ வெறும் செவப்பா. ஒரு தடவை ஏமாந்து வாங்கிட்டுப் போனேன். செருப்பைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. பலகையில மட்டும் இயற்கை முறைன்னு எழுதி, விலையும் அதே விலை." குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற தாழ்வுதான். "அந்தப் பொண்ணு போனதுக்கப்புறம் சாதா மாட்டைக் கொண்டாந்து தள்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன?"

புல்லுக்காரன் கத்தியைக் கீழே வைத்தான். வெளியே வந்தான். கண்ணாடியம்மா அவனை அப்போதுதான் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஐயோ தம்பி. நீங்க உள்ளே இருக்கீங்கன்னு..."

"சாதா மாடுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க வீட்டுக்காரிதான்."

"என்ன சொன்னா?"

கண்ணாடியம்மா கத்தியண்ணனைப் பார்த்தார். அவர் தராசைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொன்னார்.

"'மஞ்சள் இருந்தாத்தான் நம்ம மாடு, அக்கா. மஞ்சள் இல்லேன்னா வாங்காதீங்க. கத்தியண்ணன் சத்தியம் பண்ணாலும் வாங்காதீங்க. என் வீட்டுக்காரரே வந்து நின்னாலும் வாங்காதீங்க.' வர்றவங்க எல்லார்கிட்டயும் இதான் சொல்லுவா. நாங்க அவ பேச்சைக் கேட்டோம்."



"அப்போ நீங்க எல்லாரும் நிறுத்தினது..." என்றான் புல்லுக்காரன்.

"வேற எதுக்கு?"

"விலை ஜாஸ்தின்னு இல்லையா?"

"விலை ஜாஸ்திதான். அதுக்காக நல்லதை விடுவோமா? பொய்க்கு அந்த விலை குடுக்க முடியாது, அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் கத்தியண்ணன்.

"எப்படிக் கேக்கறது? பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷனைப் பாத்து, ஏம்ப்பா ஏமாத்தறேன்னு கேக்கச் சொல்றீங்களா? எங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

புல்லுக்காரன் உள்ளே போனான். கொழுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பலகை மேல் வைத்தான்.

"இது மாடு மாறலக்கா. அதே மாடுதான். நான்தான் இதைச் சீவிடச் சொன்னேன்."

கண்ணாடியம்மா வாளியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். இன்னொரு தடவை கண்ணாடியை மாற்றினார்.

"வருஷம் பூராவா?"

"ஆமா."

"எதுக்கு?"

"ஏன் மஞ்சளா இருக்குன்னு கேப்பாங்களேன்னு."

அவர் கண்களில் தண்ணீர் கட்டியது. ஆனால் வாய் வேறு வேலை பார்த்தது. "நல்ல படிச்ச பிள்ளை போங்க" என்றார். "முதுகுக்கறி ரெண்டு கிலோ. கொழுப்போட. அந்த வாளியில இருக்கறதுலயும் ஒரு பிடி போடுங்க."

"உங்களுக்கு இல்லாமயா" என்றார் கத்தியண்ணன். அவர் குரல் உடைந்திருந்தது. இத்தனை நாள் ஜனங்கள் தன்னையும் திருட்டுக் கும்பலில் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

கண்ணாடியம்மா கறியை வாங்கிக்கொண்டு நேராகத் தன் கடைக்குப் போகவில்லை. நடைபாதையில் நின்று போனை எடுத்தார். முதலில் தையல்காரர் மனைவிக்கு. அப்புறம் மருந்துக்கடை அண்ணிக்கு. "நம்ம பொண்ணோட கறி. ஆமா, மஞ்சள்தான். என் கண்ணால பாத்தேன். அதெல்லாம் பெரிய கதை, முதல்ல கிளம்பி வா."

புல்லுக்காரன் பின்கட்டுக்குப் போய் மாமனாரை அழைத்தான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை. கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது.

"தம்பி" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "ஆள் நிக்குது."

தையல்காரர் மனைவி நெஞ்சுக்கறி கேட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். கத்தியண்ணனால் ஒரு கையால் பொட்டலம் கட்ட முடியும், வெட்ட முடியாது. புல்லுக்காரன் வெட்டினான். ஒரு துண்டுக்கு ஒரு தடவை போனைப் பார்த்தான். மாமனார் போனை மாட்டுக்கொட்டகையில் வைத்துவிட்டு வீட்டில் தேடுகிறவர், வீட்டில் வைத்துவிட்டுக் கொட்டகையில் தேடுகிறவர். லாரி வந்திருக்கும். சரிவுப் பலகையைப் போட்டிருப்பார்கள். மேனேஜரை முதலில் ஏற்றினால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் ஏறிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவனே ஏஜென்ட்டிடம் சொல்லியிருந்தான்.

 

"நீ போ தம்பி. நான் இவங்களை நிக்கச் சொல்றேன்" என்றார் கத்தியண்ணன்.

"போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும் அண்ணே. அதுக்குள்ள லாரி போயிடும்."

மறுபடி அழைத்தான். இந்தத் தடவை எடுத்தார்.

"மாப்ளே" என்றார் மாமனார். சத்தமே இல்லாமல் பேசினார். அவர் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

"மாமா, ஏத்தியாச்சா?"

"இல்ல."

"லாரி வரலையா?"

"அது அப்பவே வந்துடுச்சு. சாவி காணோம்."

"ஆணியில..."

"ஆணியில இல்ல. தேடிக்கிட்டிருக்கோம். அந்த ஆளும் தேடறான், டிரைவரும் தேடறான். வைக்கோலை எல்லாம் கலைச்சுப் பாக்கறாங்க. ரெண்டு தடவை டீ போட்டுக் குடுத்தேன்."

"சாவி எங்கே மாமா?"



"என் சட்டைப் பையில இருக்கு" என்றார் மாமனார். "கோவிச்சுக்காதே மாப்ளே. கேட்கிட்ட போனேன். இந்த மேனேஜர் வந்து மூஞ்சியை நீட்டிக்கிட்டு நிக்குது. என் பொண்ணு வளத்தது. கை வரல. ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போடலாம்னு பாத்தேன்."

"நீங்கதானே ஏஜென்ட்டைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ ஒவ்வொரு தடவையும் அந்தக் கடையிலேர்ந்து திரும்பி வர்ற மூஞ்சியைப் பாத்தேன். இதெல்லாம் போனாத்தான் நீ தேறுவேன்னு நினைச்சேன். நீயும் உங்க இஷ்டம்னு சொல்லிட்டே."

"உங்களுக்கு விக்கணும்னு இருக்குன்னு நினைச்சேன் மாமா."

"எனக்கு எதுக்குடா விக்கணும்?"

மாப்பிள்ளையை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே கவனித்தார்கள். இருவருமே கண்டுகொள்ளவில்லை.

"லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க. கறி விக்குது. வரிசையில நிக்கறாங்க."

"நிஜமாவா?"

"வந்து சொல்றேன். டீசல் காசைக் குடுத்துடுங்க."

போனின் மறுபக்கம் மாமனாருக்குள் இருந்த பழைய பஸ் டிரைவர் திரும்பி வந்துவிட்டார். "யோவ், தேடினது போதும்!" என்று அவர் கத்தியது கறிக்கடை வரைக்கும் கேட்டது.

புல்லுக்காரன் போனைப் பையில் போட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டான். நீளமான மூச்சு; எங்கே அடைத்துக் கிடந்ததோ தெரியவில்லை. கை கழுவிக்கொண்டு முன்னால் போனான்.

வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. பாதிப் பேர் பழைய முகங்கள். அவர்கள் எதுவும் விசாரிக்கவில்லை. வாளியின் கதை அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சில பேர் அவனைப் பார்த்து வெட்கப்பட்டது போலச் சிரித்தார்கள். அவனும் வெட்கப்பட்டான். சீவிய பாதியை எந்த விலைக்குத் தருவது என்று கத்தியண்ணன் காதில் கேட்டார். சாதா விலை என்றான். அதுவும் நகர்ந்தது.

நடுவில் புது ஆள் ஒருவர் வந்தார். இளைஞர். கையில் துணிப்பை. என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர். தொங்குகிற பாதியை உற்றுப் பார்த்தார்.

"இது ஏங்க இப்படி மஞ்சளா இருக்கு? கெட்டுப் போச்சா?"

கத்தியண்ணன் பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். தையல்காரர் மனைவி தன் பையை மூடாமல் நின்றார்.

"இல்ல" என்றான் புல்லுக்காரன். தொண்டையைச் செருமினான். "புல்லோட நிறம் அது. வெயில் காலத்துல கொஞ்சம் வெளிறும். மழைக்கப்புறம் நல்லா ஏறும். இந்தக் காளை மழைக்கப்புறம் மேஞ்சது. அடுப்புல வைக்கும்போது தீயைக் குறைச்சு வைங்க. இந்தக் கொழுப்பு சீக்கிரம் உருகும்." இன்னும் பேச இருந்தது. பேசினான். அந்த இளைஞருக்குத் தேவைப்பட்டதை விட அதிகமாகவே பேசினான். வரிசையில் எவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

"அரைக் கிலோ குடுங்க" என்றார் இளைஞர், தப்பித்தால் போதும் என்பது போல.

மதியத்துக்குள் கொக்கி காலியானது. கால் எலும்பு போனது, கழுத்துக்கறி போனது, கடைசியில் வாளியும் காலியானது.

"அடுத்தது எப்போ தம்பி?" என்றார் கத்தியண்ணன்.

"வேண்டாம்னீங்களே."

"நான் ஆயிரம் சொல்வேன். பழையபடி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. ஒரு கண்டிஷன். கொழுப்புல கை வைக்கக் கூடாது. இன்னொண்ணு, சனிக்கிழமை நீ இங்கே நிக்கணும். எனக்கு அவ்வளவு பேச்சு வராது."

"பாக்கலாம்" என்றான். பிறகு ஏப்ரனைச் சுருட்டி, எடுத்துக்கொண்டு போகாமல், தராசுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினான்.

வீடு வந்தபோது லாரியின் டயர்த் தடம் மட்டும் மண்ணில் இருந்தது. பட்டி கேட் பூட்டியிருந்தது. வைக்கோல் நாலாபக்கமும் இறைந்து கிடந்தது. அதை மேனேஜர் வேலிக்குள்ளிருந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் துடைப்பத்தோடு நின்றார்.

"ஏஜென்ட் திட்டினாரா மாமா?"

"திட்டினான். நானும் திட்டினேன். போகும்போது, அந்தக் கறி அப்படி என்னதான் ருசின்னு கேட்டுட்டுப் போறான். தராசுக்குப் புல்லு தெரியாதாம், நாக்குக்கு மட்டும் தெரியணுமாம்." துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "சரி, நமக்கு எடுத்துட்டு வந்தியா?"

"என்ன மாமா?"

"கறி."

புல்லுக்காரன் கையைப் பார்த்தான். வெறும் கை. "எல்லாம் வித்துடுச்சு."

"ஒரு துண்டு கூடவா?"

"கொழுப்பு கூட இல்ல மாமா."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் வராத சிரிப்புதான். தோள் மட்டும் குலுங்கியது. அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.

"முட்டை இருக்கு" என்றார். "வா, சாப்பிடலாம்."

உள்ளே போகும் வழியில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.